நன்னூலின் எழுவகை மதமும் சட்ட ஆய்விதழ்க் கட்டுரையும்

முன்னுரை

சட்டத் துறையில் ஆய்விதழுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. இலக்கிய ஆய்விதழில் வெளிவரும் கட்டுரையைப் பெரும்பாலும் ஆய்வாளரே படிப்பர். சட்ட ஆய்விதழில் வெளிவரும் கட்டுரையை வழக்குரைஞர் எடுத்தாளலாம். நீதிபதி தம் தீர்ப்பில் சுட்டலாம். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அதன் வழியே சட்டத்தைத் திருத்தவும் செய்யலாம். இந்திய அரசியலமைப்பின் 141ஆம் உறுப்பின்படி உச்சநீதிமன்றம் வகுத்த சட்டமே நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். கட்டுரைக்கு அத்தகைய கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை. இணங்கவைக்கும் ஆற்றல் மட்டுமே உண்டு. எனவே சட்டக் கட்டுரை தன் எடுத்துரைப்பை நம்பியே வாழும் எழுத்து எனலாம். அவ்வகையில் அது உரைநடைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகிறது.

தமிழ்ப் புலமை மரபில் வாதமுறையை வகைப்படுத்தும் கருவிகள் பல உள்ளன. அவற்றுள் நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் எழுவகை மதம் குறிப்பிடத்தக்கது. பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க ஏழு நிலைப்பாடுகளை அது வகுக்கிறது. அவ்வளவுகோலைக் கொண்டு, நீதிமன்றத்தின் போக்கையோ சட்டத்தின் போக்கையோ மாற்றிய மூன்று சட்ட எழுத்துகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. 1890இல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரை, 1965இல் காசியில் ஆற்றப்பெற்றுப் பின்னர் விரிந்த கட்டுரையாக அச்சேறிய டீட்டர் கான்ராடின் உரை, 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் ஆகியன அம்மூன்றும் ஆகும். இன்று ஆய்விதழின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளப்படும் துறைவல்லுநர் மதிப்பீட்டு முறை எதனைக் காண்கிறது, எதனைக் காணத் தவறுகிறது என்பதும் இதன்வழி ஆராயப்படுகிறது.

சட்ட ஆய்விதழின் அமைப்பு

இந்தியாவில் சட்ட இதழ்கள் மூன்று வழிகளில் வளர்ந்தன. முதலாவது, தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இதழ். 1891இல் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் லா ஜர்னல் இவ்வகையினது. தீர்ப்புகளோடு கட்டுரைகளுக்கும் அது இடமளித்தது. 1969இல் தொடங்கிய சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்னும் தொகுப்பும் கட்டுரைகளுக்குத் தனிப்பகுதி ஒதுக்கியது. இரண்டாவது, ஆய்வு நிறுவனத்தின் இதழ். 1956இல் புதுதில்லியில் நிறுவப்பெற்ற இந்தியச் சட்ட நிறுவனம் 1958 முதல் தன் காலாண்டிதழை வெளியிட்டு வருகிறது. மூன்றாவது, சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் பதிப்பிக்கும் இதழ். 1887இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவ்யூ இதற்கு முன்மாதிரி. அங்குக் கட்டுரைகளைத் தேர்வோரும் திருத்துவோரும் மாணவர்களே.

துறைவல்லுநர் மதிப்பீடு என்பது கட்டுரையாளர் பெயரை மறைத்து, அத்துறை வல்லார் ஒருவரிடமோ இருவரிடமோ கட்டுரையை அனுப்பிக் கருத்துப் பெறும் முறை. மதிப்பிடுவோர் பெயரும் கட்டுரையாளருக்குத் தெரிவதில்லை. இதனைத் தமிழ் மரபின் அரங்கேற்றத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். அரங்கேற்றம் அவையறிய நிகழ்வது. தடை எழுப்புவோர் முகம் தெரியும். அத்தடைக்கு ஆசிரியன் கூறும் விடையும் அவைக்குத் தெரியும். சிறப்புப் பாயிரம் அளிப்போரும் தம் பெயரோடே அளிப்பர். துறைவல்லுநர் மதிப்பீட்டிலோ தடையும் விடையும் வாசகர் கண்ணில் படுவதில்லை. அவற்றின் விளைவாகிய திருந்திய கட்டுரை மட்டுமே கிடைக்கிறது. நடுநிலை கருதி முகத்தை மறைக்கும் இம்முறை, வாதம் நிகழ்ந்த வழியையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. ஆகவே கட்டுரையாளர் மாற்றுக் கருத்தை எவ்வாறு எதிர்கொண்டார் என்பதைக் கட்டுரையின் உள்ளிருந்தே வாசகர் கண்டறிய வேண்டியுள்ளது.

எழுவகை மதம் – ஓர் அளவுகோல்

பவணந்தியார் கூறும் ஏழு மதங்களை இக்கால உரைநடையில் பின்வருமாறு தொகுக்கலாம். பிறர் கருத்துக்கு உடன்படுதல் முதலாவது; அதனை மறுத்தல் இரண்டாவது; முதலில் பிறர் கருத்தை ஏற்றுக்கொண்டு பின்னர் அதனைக் களைதல் மூன்றாவது. தானே ஒரு கருத்தை நாட்டி அதனை இறுதிவரை நிலைநிறுத்தல் நான்காவது. இருவர் தம்முள் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல் ஐந்தாவது. பிறர் நூலில் உள்ள குற்றத்தை எடுத்துக்காட்டல் ஆறாவது. பிறர் எவர் கருத்தோடும் சேராது தன் கருத்தையே கொள்ளுதல் ஏழாவது.

இவ்வகைப்பாட்டில் இரண்டு நுட்பங்கள் நோக்கத்தக்கன. ஒன்று, மறுத்தலும் குற்றங்காட்டலும் வேறு வேறாக வைக்கப்பட்டுள்ளமை. மறுத்தல் கருத்தைப் பற்றியது. குற்றங்காட்டல் அக்கருத்தைத் தாங்கிய நூலைப் பற்றியது. ஒருவர் முடிவை ஏற்காமல் இருப்பதற்கும், அம்முடிவுக்கு அவர் வந்த வழியில் உள்ள பிழையை அவர் எழுத்திலிருந்தே காட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. மற்றொன்று, உடன்படலும் ஒரு மதமாகவே எண்ணப்பட்டுள்ளமை. உடன்படுவோனும் ஆராய்ந்தே உடன்படுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். பிறர் கூற்றைத் தொகுத்துரைத்தல் மட்டும் மதம் ஆகாது.

இலக்கண நூல் செய்வோனை நோக்கி வகுத்த இவ்வகைப்பாடு, நீதிமன்றத் தீர்ப்பை எதிர்கொள்ளும் கட்டுரைக்கு முழுதும் பொருந்தும் எனக் கொள்ளவியலாது. தீர்ப்பு வெறும் கருத்தன்று; ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் விடுவிக்கவும் வல்ல அதிகாரம் அதன்பின் நிற்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும். அது பொருந்தாது நழுவும் இடங்களும் ஆய்வுக்குப் பயன்படுவனவே.

ஏற்றுக் களைதல்: அந்தரங்க உரிமைக் கட்டுரை

சாமுவேல் வாரன், லூயி பிராண்டைசு ஆகிய பாசுடன் நகர வழக்குரைஞர் இருவர் எழுதிய அந்தரங்க உரிமை பற்றிய கட்டுரை 1890ஆம் ஆண்டு திசம்பரில் ஹார்வர்டு லா ரிவ்யூவில் வெளிவந்தது. பிராண்டைசு பின்னர் 1916இல் அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதியானார். நொடியில் எடுக்கும் நிழற்படமும், வீட்டுச் செய்திகளை அச்சேற்றும் நாளிதழ்களும் மனிதரின் தனிவாழ்வைச் சிதைக்கின்றன என்பதே கட்டுரை எழுந்த சூழல். அக்காலச் சட்டத்தில் அந்தரங்க உரிமை என ஒன்று தனியே ஏற்கப்பட்டிருக்கவில்லை.

இல்லாத உரிமையை நிறுவ முற்படுவோர் நேரடியாகத் தம் கருத்தை நாட்டுவர் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். ஆசிரியர்கள் அவ்வழியைக் கொள்ளவில்லை. ஆங்கில நீதிமன்றங்களின் பழந்தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் முடிவுகளை ஏற்கின்றனர். அவற்றுள் முதன்மையானது 1849ஆம் ஆண்டின் இளவரசர் ஆல்பர்ட் எதிர் சுட்ரேஞ்சு வழக்கு. விக்டோரியா அரசியும் ஆல்பர்ட்டும் தம் மகிழ்ச்சிக்காக வரைந்த செதுக்கோவியங்களின் பட்டியலை வெளியிட முயன்றவரை நீதிமன்றம் தடுத்தது. சொத்துரிமையும் நம்பிக்கை மீறலும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. வெளியிடாத எழுத்தையும் ஓவியத்தையும் காக்கும் இத்தகைய தீர்ப்புகளின் முடிவு சரி. ஆனால் கூறப்பட்ட காரணம் போதாது. சொத்து என்று சொல்லிக் காக்கப்பட்டது உண்மையில் ஆளுமையின் சிதைக்கப்படாத தன்மையே என்பது ஆசிரியர்களின் வாதம்.

இது நன்னூல் கூறும் மூன்றாம் மதத்தின் செம்மையான வடிவம் எனலாம். ஆயினும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. இங்கு ஏற்கப்படுவது முடிவு, களையப்படுவது காரணம். தீர்ப்பின் அதிகாரத்தை இழக்காமலே அதன் அடித்தளத்தை மாற்றிவிட இம்முறை இடம்தருகிறது. முன்னோர் மொழியைப் பொன்னேபோற் போற்றிக்கொண்டே அதற்குப் புதுப்பொருள் காணும் உரையாசிரியரின் வழியும் இதுவே.

இக்கட்டுரையின் கருத்து இந்தியாவுக்கு வந்து நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 1954இல் எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வும் 1962இல் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வும் அந்தரங்க உரிமைக்கு அரசியலமைப்பில் இடமில்லை எனக் கருதின. 2017ஆம் ஆண்டு ஆகசுடு 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பு 1890ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்தாள்கிறது. வீட்டின் அந்தரங்கம் என்னும் திரைக்குள் பெண்மீதான வன்முறை மறைக்கப்படலாம் என்னும் பெண்ணியத் தடையையும் அத்தீர்ப்பு கருத்தில் கொள்கிறது. 1890ஆம் ஆண்டுக் கட்டுரை இத்தடையை எழுப்பிக்கொள்ளவில்லை. அதன் உலகில் வீடு அமைதியின் இடம். தீங்கு புறத்தேயிருந்து, செய்தியாளரின் வடிவில் மட்டுமே வருகிறது. ஏற்றுக் களையும் முறை பழந்தீர்ப்புகளுக்குள் உள்ள முரணைக் கண்டறிய வல்லது. அத்தீர்ப்புகளுக்குள் வராத மனிதரைக் காண அதனால் இயல்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

நாட்டி நிறுத்தல்: கான்ராடின் உரை

டீட்டர் கான்ராடு செருமனியின் ஐடல்பெர்க் பல்கலைக்கழகத் தெற்காசிய நிறுவனத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர். 1965ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டப் புலத்தில், அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லைகள் உண்டு என்னும் பொருளில் அவர் உரை நிகழ்த்தினார். அக்கருத்தின் விரிவு பின்னர்ச் சென்னையிலிருந்து வெளிவந்த பன்னாட்டு விவகாரங்களுக்கான இந்திய ஆண்டு நூலின் 1966-67ஆம் ஆண்டுத் தொகுதியில் கட்டுரையாக அச்சேறியது.

கான்ராடின் முறை நான்காம் மதத்தைச் சார்ந்தது. திருத்தும் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்து பிறந்தது. தன்னைப் பெற்றதை அழிக்கும் ஆற்றல் அதற்கு இருக்கவியலாது என்னும் கருத்தை அவர் முதலிலேயே நாட்டுகிறார். அதனை நிலைநிறுத்தக் கற்பனை வினாக்களைத் தொடுக்கிறார். உயிருக்கும் உடலுரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் உறுப்பை நீக்கி, சட்டத்தின் துணையின்றியே ஒருவரைச் சிறையிட வழிசெய்யும் திருத்தம் செல்லுமா? அரசியலமைப்பையே நீக்கி மொகலாயப் பேரரசரின் ஆட்சியையோ ஆங்கில முடியாட்சியையோ மீண்டும் கொணர இயலுமா? முதல் உறுப்பைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு என்றும் இந்துசுதான் என்றும் இரு நாடுகளாகப் பிரிக்க இயலுமா?

இறுதி வினா தமிழ் ஆய்வாளர்க்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கும் 16ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறியது 1963இல். கான்ராடு உரையாற்றிய 1965 பிப்ரவரியில் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. அவையினர் அறிந்த அரசியல் அச்சத்தையே வினாவாக்கி, அதன் மறுபக்கத்தை அவர் காட்டுகிறார். பிரிவினையைத் தனிமனிதர் கோருவது தடுக்கப்பட்டுள்ளது. பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றமே அதனைச் செய்யத் துணிந்தால் தடுப்பது எது என்பதே வினாவின் கூர்மை. எடுத்துக்காட்டு இங்கு அணியாக வரவில்லை, வாதமாகவே செயற்படுகிறது. கேட்போர் 'இயலாது' என உள்ளத்துள் விடையிறுத்த உடனே, எல்லை உண்டு என்பதற்கு உடன்பட்டவர் ஆகிவிடுகின்றனர்.

வினாக்களின் பின்னே ஒரு வரலாறும் நிற்கிறது. செருமனியின் வைமார் அரசியலமைப்பில் திருத்தத்துக்கு உள்ளடக்க எல்லை ஏதும் வகுக்கப்படவில்லை. 1933இல் இட்லருக்கு முழு அதிகாரம் வழங்கிய சட்டம் அத்திருத்த நடைமுறையின் தோற்றத்திலேயே நிறைவேறியது. அப்பட்டறிவினால் 1949ஆம் ஆண்டுச் செருமானிய அடிப்படைச் சட்டம் சில கோட்பாடுகளைத் திருத்தவியலாதன என அறிவித்தது. இந்திய அரசியலமைப்பில் அத்தகைய வெளிப்படையான விதி இல்லை. எழுதப்படாத எல்லையை எழுதப்பட்ட சொல்லிலிருந்து வருவிப்பதே கான்ராடு மேற்கொண்ட பணி.

இக்கருத்தை எம். கே. நம்பியார் 1967ஆம் ஆண்டின் கோலக்நாத் வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைத்தார். ஆறுக்கு ஐந்து என்னும் பெரும்பான்மையில் முடிந்த அவ்வழக்கு வேறு காரணத்தின்மேல் தீர்க்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் வழங்கப்பெற்ற கேசவானந்த பாரதி தீர்ப்பில் நீதிபதி எச். ஆர். கன்னா கான்ராடின் ஆண்டு நூல் கட்டுரையை எடுத்தாண்டார். பதின்மூன்று நீதிபதிகளுள் அறுவர் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்றனர். அறுவர் இல்லை என்றனர். கன்னாவின் தீர்ப்பே ஏழுக்கு ஆறு என்னும் பெரும்பான்மையை உண்டாக்கியது.

இதனை, இருவர் மாறுகோளில் ஒருபக்கம் துணிதல் என்னும் ஐந்தாம் மதம் எனக் கொள்ளத் தோன்றும். உற்று நோக்கின் அது பொருந்தவில்லை. கன்னா முதல் அறுவரின் உள்ளார்ந்த எல்லைக் கோட்பாட்டை அவ்வாறே ஏற்கவில்லை. சொத்துரிமை உள்ளிட்ட அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்றார். மற்ற அறுவரின் எல்லையற்ற அதிகாரத்தையும் ஏற்கவில்லை. திருத்தம் என்னும் சொல்லின் பொருளிலேயே பழைய அரசியலமைப்பு தன் அடையாளம் இழக்காது எஞ்சவேண்டும் என்பது அடங்கியுள்ளது என்றார். இது பிறர் எவரோடும் படாது தன் கருத்தைக் கொள்ளும் ஏழாம் மதம் ஆகும். எண்ணிக்கையில் ஒருபக்கம் சேர்ந்தும், காரணத்தில் தனித்தும் நிற்கும் இந்நிலை தீர்ப்பு எழுத்துக்கே உரியது. நூலாசிரியனுக்கு வாக்கு இல்லை, நீதிபதிக்கு உண்டு. நன்னூலின் ஐந்தாம் மதமும் ஏழாம் மதமும் ஒரே எழுத்தில் கலப்பது இதனாலேயே.

அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டுக்குக் கான்ராடு ஒருவரே மூலம் எனக் கூறுவது மிகை. சஜ்ஜன் சிங் வழக்கில் நீதிபதி முதோல்கர் பாகிசுதான் உச்சநீதிமன்றத்தின் 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சுட்டி, அரசியலமைப்பின் அடிப்படைக் கூறுகளை மாற்றுவது திருத்தம் ஆகுமா என ஐயம் எழுப்பியிருந்தார். செருமனியின் கசப்பும் பாகிசுதானின் தீர்ப்பும் காசி மேடையும் சென்னைப் பதிப்பும் கூடி விளைந்தது இக்கோட்பாடு. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பு இங்கு நெகிழ்கிறது. அரசியலமைப்புக்கு உரையாகத் தொடங்கிய கட்டுரை, தீர்ப்பின்வழியே அரசியலமைப்பின் பொருளாகவே ஆகிவிட்டது.

குற்றங்காட்டல்: 1979ஆம் ஆண்டுத் திறந்த மடல்

மகாராட்டிரத்தில் 1972ஆம் ஆண்டு மார்ச்சில், பழங்குடி இனத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் காவல் நிலையத்துக்குள்ளேயே காவலரால் வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது, உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1978ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. துக்காராம் எதிர் மகாராட்டிர மாநிலம் எனப்படும் அத்தீர்ப்பு, பெண்ணின் உடலில் காயம் இல்லாமையையும் அவர் கூக்குரல் எழுப்பியதாகக் கூறியது நம்பத்தக்கதன்று என்பதையும் கொண்டு, இசைவு இருந்தது என்னும் முடிவுக்கு வந்தது.

1979ஆம் ஆண்டு செப்டம்பரில் உபேந்திர பட்சி, வசுதா தாகம்வார், இரகுநாத் கேல்கர், லோதிகா சர்க்கார் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அது சுப்ரீம் கோர்ட் கேசசின் கட்டுரைப் பகுதியில் அச்சேறியது. வடிவத்தில் மடல், உள்ளடக்கத்தில் தீர்ப்புத் திறனாய்வு. இவ்விரண்டும் இணைந்தமை தற்செயலன்று. ஆய்வுக் கட்டுரை துறையாரை நோக்கிப் பேசும். மடலோ பெயர்சுட்டிய ஒருவரை விளித்து விடையை எதிர்நோக்கும். திறந்த மடல் என்னும்போது, விடை வருமா என்பதை நாடே பார்த்திருக்கும். அவ்வகையில் மடல் என்னும் வடிவமே வாதத்தின் ஒரு பகுதி ஆகிறது.

மடல் முடிவை வெறுமனே மறுக்கவில்லை; தீர்ப்பின் எழுத்திலேயே குற்றம் காட்டுகிறது. அக்குற்றங்களுள் இரண்டு தலையாயவை. முதலாவது சொல்லைப் பற்றியது. இசைதலும் அடங்கிப்போதலும் ஒன்றல்ல. இசைந்தவர் அடங்குவர், அடங்கியவர் எல்லாம் இசைந்தவர் ஆகார். உயர்நீதிமன்றம் கண்ட இவ்வேறுபாட்டை உச்சநீதிமன்றம் அழித்துவிட்டது என்பது மடலின் வாதம். இரண்டாவது மௌனத்தைப் பற்றியது. பெண்களை விசாரணைக்கெனக் காவல் நிலையத்துக்கு அழைத்தல் சட்டத்துக்கு மாறானது என்பதை 1978ஆம் ஆண்டின் நந்தினி சத்பதி வழக்கில் இதே உச்சநீதிமன்றம் கண்டித்திருந்தது. அவ்வாறிருக்க, இரவில் ஓர் இளம்பெண் காவல் நிலையத்தில் நிறுத்தப்பட்டதைப் பற்றித் தீர்ப்பு வாய்திறவாதது ஏன் என்று மடல் கேட்கிறது. எழுதப்பட்டதில் உள்ள பிழையோடு, எழுதப்படவேண்டியது எழுதப்படாமையும் குற்றமே என்பது இவ்வாசிப்பின் அடிப்படை. நன்னூல் கூறும் பத்துவகைக் குற்றங்களுள் குன்றக்கூறல் என்பதோடு இதனை இணைத்துக் காணலாம்.

மடலால் அவ்வழக்கின் முடிவு மாறவில்லை. ஆனால் பெண்கள் அமைப்புகள் மடலைக் கையிலேந்தின. சட்ட ஆணையம் 1980இல் தன் 84ஆம் அறிக்கையை அளித்தது. 1983ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், காவலில் நிகழும் வன்புணர்ச்சியைத் தனிவகைக் குற்றமாக்கியது. அத்தகைய வழக்கில், தாம் இசையவில்லை எனப் பெண் நீதிமன்றத்தில் கூறின் இசைவு இல்லை என்றே கொள்ளவேண்டும் எனச் சாட்சியச் சட்டத்தில் புதிய ஊகத்தைச் சேர்த்தது. உடலால் எதிர்க்கவில்லை என்பது ஒன்றைமட்டும் கொண்டு இசைவு இருந்ததாகக் கொள்ளலாகாது என்னும் விளக்கம் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் இடம்பெற்றது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவிலும் அவ்விளக்கம் தொடர்கிறது. மடல் காட்டிய சொல்வேறுபாடு சட்டத்தின் சொல்லாக மாற 34 ஆண்டுகள் ஆயின.

மடலுக்கும் எல்லை உண்டு. நால்வரும் அப்பெண்ணின் பொருட்டுப் பேசுகின்றனர்; அப்பெண் பேசவில்லை. அவர் கூற்று காவல் நிலையத்தில் பதிவாகி, மூன்று நீதிமன்றங்களில் எடைபோடப்பட்டு, இறுதியில் ஆங்கில மடலில் மேற்கோளின் பொருளாகிறது. குற்றங்காட்டும் எழுத்து குற்றமுடைய எழுத்தின் மொழியிலேயே இயங்கவேண்டியிருப்பது இவ்வகையின் கட்டுப்பாடு எனலாம்.

மதிப்பீட்டு முறை காணாதது

மேற்கண்ட மூன்று எழுத்துகளின் பிறப்பிடம் ஒரு வினாவை எழுப்புகிறது. முதலாவது மாணவர் பதிப்பித்த இதழில் வந்தது. இரண்டாவது பல்கலைக்கழக மேடையில் உரையாகத் தொடங்கியது. மூன்றாவது மடலாகத் தீர்ப்புத் தொகுப்பின் கட்டுரைப் பகுதியில் அமைந்தது. பெயர்மறைத்த துறைவல்லுநர் மதிப்பீட்டை இவற்றின் ஆற்றலுக்குக் காரணமாகக் கூறவியலாது. திறந்த மடலில் பெயரை மறைப்பதற்கே இடமில்லை; எழுதியவர் யார் என்பதும் அதன் வலிமையுள் ஒன்று.

இதனால் அம்முறை வேண்டாதது என்பது பெறப்படாது. மேற்கோளின் உண்மை, முன்னாய்வின் அறிவு, தீர்ப்பைச் சரியாகக் கூறல் ஆகியவற்றை அது காக்கிறது. தவறான தீர்ப்பெண் ஒன்று வழக்குரைஞர் கைக்குச் சென்றால் ஒரு மனிதரின் வழக்கே பாதிக்கப்படும் துறையில் இக்காவல் இன்றியமையாதது. ஆயினும் அது பிழையை நீக்கும் கருவியே அன்றி மதத்தை உண்டாக்கும் கருவி அன்று. தீர்ப்பின் வரலாற்றைக் கூறி, வாதங்களைத் தொகுத்து, முடிவை வரவேற்று நிற்கும் கட்டுரை எல்லாப் படிகளையும் எளிதாகக் கடந்துவிடும். ஆராய்ந்து உடன்படுதல் வேறு, தொகுத்துத் தலையசைத்தல் வேறு என்னும் நன்னூலின் நுட்பம் மதிப்பீட்டுப் படிவத்தில் இடம்பெறுவதில்லை. கட்டுரை எம்மதத்தைச் சார்ந்தது, எதிர்க்கருத்தின் வலிய வடிவத்தை அது எதிர்கொண்டதா என்னும் வினாக்கள் அப்படிவத்தில் இடம்பெறின், ஆய்விதழின் தரம் உயர வழியுண்டு. இது சட்ட இதழ்களுக்கு மட்டுமன்றித் தமிழ் ஆய்விதழ்களுக்கும் பொருந்தும்.

மொழியும் மறுக்கும் உரிமையும்

மறுப்பதற்கு முதலில் படிக்கவேண்டும். அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பு உச்சநீதிமன்ற, உயர்நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் அமையவேண்டும் என்கிறது. குடியரசுத் தலைவரின் இசைவோடு ஆளுநர் உயர்நீதிமன்றத்தில் வேறு மொழிக்கு இடமளிக்கலாம். இராசசுதான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்திக்கு அவ்விடம் கிடைத்தது. தமிழுக்கு அவ்விடம் வேண்டித் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது கிட்டவில்லை. சட்ட ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இயங்குகின்றன.

இக்குறையை முதலில் உணர்ந்து செயற்பட்டவருள் மாயூரம் வேதநாயகம் பிள்ளை குறிப்பிடத்தக்கவர். மாவட்ட முன்சீபாகப் பணியாற்றிய அவர், சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவருவதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்னரே அவர் சட்ட உரைநடையில் தம் கையைப் பழக்கியிருந்தார் என்பது உரைநடை வரலாற்றில் போதிய அளவு கருதப்படவில்லை. வழக்கும் வாதமும் தீர்ப்பும் நிறைந்த அந்நாவலின் நடையைச் சட்டத் தமிழோடு இணைத்து ஆராய்தல் பயன்தரும்.

தீர்ப்பைத் தமிழில் தருதல் முதற்படி. தீர்ப்பைத் தமிழில் ஆராய்தல் அடுத்த படி. இசைதல், அடங்கிப்போதல் என்னும் வேறுபாட்டைத் தமிழ் தன் சொல்வளத்தால் தெளிவாகவே காட்டுகிறது. தொல்காப்பிய உரைகள் தொட்டுத் தடைவிடை முறையில் பழகிய மொழிக்குச் சட்ட வாதம் புதிதன்று. இல்லாதது அவ்வாதத்தை நிகழ்த்தும் களமே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. நன்னூலின் எழுவகை மதம் இக்காலச் சட்டக் கட்டுரைகளின் வாதமுறையை வகைப்படுத்தப் பயன்படுகிறது. 1890ஆம் ஆண்டுக் கட்டுரை ஏற்றுக் களைதலையும், கான்ராடின் உரை நாட்டி நிறுத்தலையும், 1979ஆம் ஆண்டு மடல் குற்றங்காட்டலையும் தலைமையாகக் கொண்டுள்ளன.

2. தீர்ப்பு எழுத்தை மதிப்பிடுகையில் ஐந்தாம் மதமும் ஏழாம் மதமும் கலக்கின்றன. கன்னாவின் தீர்ப்பு இதற்குச் சான்று. வாக்கும் காரணமும் வேறுபடும் எழுத்துக்கு இவ்வகைப்பாட்டை விரிவாக்க வேண்டியுள்ளது.

3. எழுதப்படாமையையும் குற்றமாகக் காணும் வாசிப்பே திறந்த மடலின் தனிச்சிறப்பு. ஆயினும் பாதிக்கப்பட்டவரின் குரல் அதனுள்ளும் நேரே ஒலிக்கவில்லை.

4. துறைவல்லுநர் மதிப்பீடு பிழைகாக்கும் முறை. கட்டுரையின் நிலைப்பாட்டை மதிப்பிடும் வினாக்கள் அதனோடு சேர்க்கப்படவேண்டும்.

5. சட்டத்தை மறுக்கும் உரிமை அதனைப் படிக்கும் மொழியோடு பிணைந்தது. தீர்ப்புகளைத் தமிழாக்குவதோடு அமையாது, அவற்றைத் தமிழில் திறனாயும் ஆய்விதழ் ஒன்றைச் சட்டத் துறையும் தமிழ்த் துறையும் இணைந்து உருவாக்குதல் வேண்டும். வேதநாயகம் பிள்ளை 1862இல் தொடங்கிய பணியின் எஞ்சிய பகுதி அதுவே.